நீலக்கோட்டுப் பள்ளியின் வரலாறு தமிழில் அச்சேற உங்கள் பங்கு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் ஹோர்ஷம் ஊருக்குப் பக்கத்தில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்று ஓர் உறைவிடப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் போடும் நீலக் கோட்டால் நீலக்கோட்டுப் பள்ளி என்றும் அதைச் சொல்வார்கள். பெயரில் ஹாஸ்பிடல் இருந்தாலும் பள்ளிக்கூடம்தான். அதன் வரலாற்றையும், அங்கே பிள்ளைகள் அன்று எப்படி இருந்தார்கள், இன்று எப்படி இருக்கிறார்கள் என்பதையும் தமிழில் ஒரு நூலாக எழுதி முடித்திருக்கிறோம். கையெழுத்துப் பிரதி தயார். அச்சிடப் பணம் போதவில்லை, அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

லண்டனில் நம்மவர்கள் மத்தியில் போர்டிங் ஸ்கூல் என்று பேச்செடுத்தால் ஈட்டன், ஹாரோ என்று இரண்டு பெயர் வரும், "அதெல்லாம் காசுள்ளவன் சமாச்சாரம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தவறும் இல்லை. கட்டணம் அப்படித்தான் இருக்கிறது, போதாததற்கு 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரியும் ஏறிவிட்டது. ஆனால் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் தொடங்கப்பட்டதே காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக. இன்றைக்கும் அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் ஏதோ ஓர் அளவு உதவி கிடைக்கிறது. வருமானம் மிகக் குறைவென்றால் முழுக் கட்டணமும் தள்ளுபடி ஆகலாம். இது தெரியாமலே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் விண்ணப்பம்கூடப் போடாமல் இருக்கின்றன என்பதுதான் எங்களை எழுத வைத்தது.

கதை 1552-இல் தொடங்குகிறது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு லண்டன் தெருக்களில் ஆதரவற்ற பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பிஷப் ரிட்லி அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னால் ஏழைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்ய, அரசர் நகர மேயருக்குக் கடிதம் கொடுத்தனுப்ப, நகரத்தார் கூடி நியூகேட் தெருவில் காலியாகக் கிடந்த கிரேஃபிரையர்ஸ் மடத்தைச் சீர்செய்து அந்த நவம்பரிலேயே 380 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அரசர் சாசனத்தில் கையெழுத்திட்டது 1553 ஜூன் 26-இல், இறந்தது ஜூலை 6-இல், அப்போது அவருக்கு வயது 15. பெயர் அரசருக்குப் போனாலும் செலவைத் தாங்கியவர்கள் லண்டன் நகரத்தார்தான். பிளாக்வெல் ஹால் என்ற துணிச் சந்தையின் வருமானத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினார்கள். நம்மூரில் வியாபாரிகள் மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

1673-இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் கப்பலோட்டும் கணிதம் சொல்லித்தர ஒரு தனிப் பிரிவு வந்தது. அதற்கு முன்னின்றவர்களில் கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பெப்பிஸ் ஒருவர், பின்னாளில் அதன் பாடத்திட்டத்தைப் பற்றி நியூட்டனிடமே யோசனை கேட்டார்கள். நூலில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு, இங்கே விட்டுவிடுகிறோம்.

எங்கள் மனதை அதிகம் தொட்டது 1780-களின் பகுதி. 1782-இல் இரண்டு பையன்கள் சில மாத இடைவெளியில் சேர்கிறார்கள்: அப்பாவை இழந்த ஒன்பது வயது கோல்ரிட்ஜ், பின்னாளில் கவிஞர்; ஏழு வயது சார்லஸ் லாம்ப், பின்னாளில் கட்டுரையாளர். இருவரும் ஆயுள் முழுக்க நண்பர்கள். தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு லாம்ப் பழகிய பெயர். திக்குவாயால் மேல்படிப்புக்குப் போக முடியாமல், 1792 முதல் 33 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில், மதராஸிலிருந்து போன சரக்கின் கணக்கெல்லாம் வந்து சேர்ந்த அந்த இடத்தில், கணக்கெழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர்.

பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி லாம்ப் எழுதியிருப்பதைப் படித்தால் ஹாஸ்டலில் இருந்த யாருக்கும் சிரிப்பும் வரும், வயிறும் பிசையும். நீர்த்துப்போன பால் கஞ்சி, தொண்டையில் சிக்கும் பட்டாணி சூப், வேகவைத்த மாட்டிறைச்சி. அந்த இறைச்சியின் கொழுப்பைப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள், தின்றவனைக் கண்டால் பேயைக் கண்டதுபோல் ஒதுங்குவார்களாம். ஒரு பையன் மட்டும் தினமும் சாப்பாடு முடிந்ததும் மேசையில் மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கித் தன் இடத்துக்குக் கொண்டுபோனான். ராத்திரி ஒளிந்து தின்கிறான் என்று கதை கட்டி, அவனோடு விளையாடுவதை நிறுத்தி, பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவன் வாயே திறக்கவில்லை. கடைசியில் இரண்டு பையன்கள் விடுமுறை நாளில் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், அவன் ஓர் இடிந்த கட்டடத்தின் மாடிப்படி ஏறி, கந்தலான ஒரு பெண் திறந்த கதவுக்குள் போகிறான். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவனுடைய அப்பா அம்மா பசியில் கிடந்தார்கள், அந்த மிச்சத்தை அவர்களுக்குத்தான் சுமந்துகொண்டிருந்தான். பள்ளி நிர்வாகிகள் குடும்பத்துக்கு உதவி, அவனுக்கு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தார்கள். இந்தக் கதை ஒன்றுக்காகவே நூல் தமிழில் வர வேண்டும் என்று எங்கள் குழுவில் எல்லோரும் நினைக்கிறோம்.

அதே பள்ளியில் ஓடிப்போய்ப் பிடிபட்ட பையனுக்கு முதல் தடவை கால் விலங்கு, இரண்டாம் தடவை வைக்கோல் பரப்பிய சின்னஞ்சிறு இருட்டறையில் ரொட்டியும் தண்ணீரும். அதையும் எழுதியிருக்கிறோம். நம் காலத்திலும் கறை உண்டு: பழைய ஆசிரியர்கள் சிலர் மாணவர்களுக்குச் செய்த பாலியல் கொடுமைகளுக்காக 2018-இல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். பிள்ளையை விடுதிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், அதனால் அந்த அத்தியாயத்தை மெலிதாக்கச் சொன்னவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டோம்.

பள்ளி 1902-இல் லண்டனை விட்டு ஹோர்ஷமுக்கு மாறியது. பெண் பிள்ளைகள் ஹெர்ட்ஃபோர்டில் தனியாகப் படித்துவந்து 1985-இல் இங்கே சேர்ந்தார்கள். உடை மட்டும் டியூடர் காலத்து வழக்கத்தை விடவில்லை: கணுக்கால் வரை நீலக் கோட்டு, இடுப்பில் தோல் வார், கழுத்தில் வெள்ளைப் பட்டை, மஞ்சள் காலுறை. பெற்றோர் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பள்ளியே தருகிறது. அதனால் யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு மாணவர்களின் பேண்டு வாசிக்க, விடுதி விடுதியாக அணிவகுத்து உணவுக்கூடத்துக்குள் போகிறார்கள். உள்ளே சுவரில் வெர்ரியோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த 80 அடிக்கும் நீளமான ஓவியம். செப்டம்பரில் புனித மத்தேயு நாளுக்கு லண்டன் நகரத்தில் ஊர்வலம் போய் மேயர் கையால் புது நாணயம் வாங்கும் வழக்கமும் உண்டு.

சரி, பணக் கணக்கு. மொத்தம் 5,000 பவுண்டு தேவை. பழைய படங்களையும் ஓவியங்களையும் அச்சிட அனுமதிக் கட்டணம் 1,100, பக்க வடிவமைப்புக்கும் மெய்ப்பு பார்ப்பவருக்கும் 900, சென்னையில் 1,000 பிரதி அச்சிட 2,300, லண்டனுக்குக் கப்பலில் அனுப்ப 700. குழுவினர் கையிலிருந்து போட்டது 1,350. மீதி 3,650 பவுண்டு உங்களை நம்பித்தான். எழுதியவர்கள் யாரும் ஒரு பைசா வாங்கவில்லை, வாங்கவும் மாட்டோம்.

பிரதிகள் விற்பனைக்கு அல்ல. இங்கிலாந்தில் வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கேட்கும் நூலகங்களுக்கும் இலவசமாகக் கொடுப்போம், மின்னூல் எல்லோருக்கும் இலவசம். பள்ளியில் சேர விண்ணப்பிப்பது எப்படி, கட்டண உதவிக்கு வருமான விவரம் எப்படிக் காட்டுவது என்று கடைசியில் தனிப் பகுதி சேர்த்திருக்கிறோம். தொகை முழுதாகச் சேரவில்லை என்றால் பிரதி எண்ணிக்கையைக் குறைப்போம், நூலை நிறுத்த மாட்டோம். மிஞ்சினால் அடுத்த அச்சுக்குப் போகும்.

ஐந்து பவுண்டோ 500 ரூபாயோ, முடிந்ததைக் கொடுங்கள். இந்தப் பதிவை உங்களுக்கு அனுப்பிய குழு உறுப்பினரிடம் கேட்டால் வங்கிக் கணக்கு விவரம் தருவார், ரசீது வரும், வரவு செலவை மாதாமாதம் எல்லோருக்கும் அனுப்புவோம். நூலில் பெயர் போட வேண்டாம் என்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம், பணம் முடியாதவர்கள் மெய்ப்பு பார்க்க வரலாம், இரண்டு பேராவது உடனே வேண்டும். அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியது ஜூன் கடைசியில், அதற்குள் உங்கள் பங்கு வந்துவிட்டால் செப்டம்பரில் பிரதிகள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்