கல்யாணம் வராத புத்தகம்

கோட்டையூர்

அன்பு மகள் மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் ஆத்தாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "சரி அப்பச்சி, படிக்கிறேன், ஆத்தாவிடம் கொடுங்கள்" என்கிறாய். ஆத்தா வாங்கினால் "அப்பச்சியிடம் கொடுங்கள்" என்கிறாய். நாங்கள் இரண்டு பேரும் போனை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் நீ கேட்டது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "கல்யாணம், குடும்பம், மாமியார், குழந்தை எதுவுமே வராத புத்தகமாக ஒன்று சொல்லுங்கள்" என்று அனுப்பியிருந்தாய். இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். இரண்டாம் கட்டில் பெட்டகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தமிழில் அப்படி ஒன்றைத் தேடுவது என்ன பாடு என்று. சமூக நாவல் என்றால் முதல் அத்தியாயத்திலேயே பெண் பார்க்க வந்துவிடுகிறார்கள். சரித்திர நாவலில் சண்டை முடிந்த கையோடு மாலையை மாற்றிவிடுகிறார்கள். துப்பறியும் கதையில்கூடக் கடைசியில் துப்பறிந்தவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால்தான் ஆசிரியருக்குத் திருப்தி.

ஏன் அப்படிக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. ஆத்தா கேட்கச் சொன்னாள். படிக்கிறவள் எது வேண்டுமானாலும் கேட்பாள், உனக்கென்ன என்று சொல்லிவிட்டேன்.

தேடும்போது நம் பொன்னியின் செல்வன் கட்டு கையில் வந்தது. உன் அப்பத்தா கல்கியில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது. வசம்பும் வேப்பிலையும் போட்டுத்தான் வைத்திருந்தேன், அப்படியும் ராமபாணப்பூச்சி புகுந்துவிட்டது. மூன்றாம் பாகத்தில் ஒரே ஓட்டை ஏழெட்டுத் தாளைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. மணியம் வரைந்த படத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பின்னட்டையில் வீட்டில் படித்தவர்கள் எல்லோரும் பென்சிலால் ஒரு வரி எழுதும் வழக்கம் இருந்ததே, அதில் உன் வரியும் இருக்கிறது. "குந்தவை இவ்வளவு யோசனை சொல்வதற்குப் பதிலாகத் தானே ஆண்டிருக்கலாம்." பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுதினாய். அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அப்படி எழுதிய பெண் இப்போது நான் எது அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறாள். பிடித்தது என்று அர்த்தமா, வந்து சேர்ந்தது என்று அர்த்தமா, விடுங்கள் அப்பச்சி என்று அர்த்தமா, ஒன்றும் புரியவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். உனக்கு ஏ.கே. செட்டியாரைத்தான் சொல்வேன். நம் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.) 'உலகம் சுற்றும் தமிழன்' எடுத்துக்கொள். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்த மனிதர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில் இருக்கும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கெங்கோ அலைந்து, யார் யாரிடமோ கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் படத்தைக் கொண்டுவந்துவிட்டார். இத்தனை செய்தவர் எழுத்தில் 'நான்' என்று நெஞ்சை நிமிர்த்தவே மாட்டார். கப்பல், ரயில், ஹோட்டல் அறை, எதிரே உட்கார்ந்த ஆள் என்ன சொன்னான், அவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியம். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் படிக்கலாம், எந்தப் பக்கத்திலும் மூடி வைக்கலாம். மனசு ஓடாத காலத்துக்கு அதுதான் தோது. உனக்கு மனசு ஓடவில்லை என்று நான் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

நாவல் இப்போது வேண்டாம். நாவலுக்கு அடுத்த நாளும் இதே தெம்போடு வருவேன் என்ற நம்பிக்கை வேண்டும். கு. அழகிரிசாமியின் சிறுகதைகளில் 'அன்பளிப்பு' மட்டும் படி. மலேயாவில் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர், சிங்கப்பூரில் இருக்கும் உனக்குப் பக்கத்துக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு வீடு, புத்தகம் கேட்டு அந்த வீட்டில் வந்து விழும் குழந்தைகள், அதில் ஒரு பையன் சாரங்கன். கல்யாணம் கிடையாது. முடிவைச் சொல்ல மாட்டேன். நான் எத்தனை தரம் படித்தாலும் கடைசிப் பக்கம் வரும்போது ஆத்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

'கட்டாயம் படி' என்று யார் சொன்னாலும் நம்பாதே. எந்த இடத்தில் அலுக்கும் என்று சேர்த்துச் சொல்கிறவரை நம்பு. வேளைக்குச் சாப்பிடு. படுத்துக்கொண்டு போனில் படிக்காதே. விக்டோரியா தெரு நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் தனியாக இருக்கும் என்று நீதானே சொன்னாய். சனிக்கிழமை போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வா. எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, போய் வா. சாப்பிட்டுவிட்டுப் போ.

மாப்பிள்ளைக்கு 'புயலிலே ஒரு தோணி' கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவிலுள்ள மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன ப. சிங்காரம் எழுதியது. முதலில் ஊர்ப் பெயரும் ஆட்பேச்சுமாகக் கலந்தடித்து வரும், அங்கே விட்டுவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். விடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "மாமா, பெட்டியடிப் பையன் என்றால் யார், அடுத்தாள் என்றால் யார்" என்று கேட்டார். பெட்டியடிப் பையன் கடையில் உதவிக்கு இருக்கிற சிறுவன், அடுத்தாள் மேலாளுக்கு அடுத்தவர் என்று சொல்லி, உன் ஐயா மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடம்) அடுத்தாளாக இருந்ததையும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தெருவுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினார். கிட்டங்கி இருந்த சுவடே இல்லை, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம். ஆனாலும் வெயிலில் போய் எடுத்தாரே என்று எனக்குப் பெருமை. அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீயும் உன் பேச்சில் அவர் பெயரை எடுப்பதில்லை. வேலை ஜாஸ்தியாக இருக்கும்.

ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது. கம்பன் விழாவில் இந்த வருஷம் நல்ல கூட்டம். முகப்பில் இரண்டு ஆத்தங்குடிக் கல் பெயர்ந்துவிட்டது. மேலத்தெருவில் ஒரு வீட்டைப் பிரிக்கிறார்கள், தேக்குத் தூணை விலை பேசியாகிவிட்டது. புத்தகங்களை யாரும் கேட்கவில்லையாம், எடைக்குப் போட்டுவிட்டார்கள். இதே ஊரில்தான் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் சேர்த்துவைத்தார். அவர் சேர்த்ததை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அது பெரிய ஆராய்ச்சி நூலகம். நல்லதுதான், இங்கே கிடந்திருந்தால் பூச்சிதான் படித்திருக்கும். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், இப்போது எழுத ஓடவில்லை.

லீவு கிடைத்தால் வந்து பெட்டகத்தை நீயே கிளறிப் பார். உன் அறையை ஆத்தா கழுவிவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்துத் தயங்காதே. எத்தனை நாள் என்றும் கணக்குப் பார்க்காதே.

உன் சித்தப்பா மகன் அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறான். பெட்டியில் கொஞ்சம் இடம் தருகிறேன் என்கிறான். சீப்புச்சீடையும் மாவுருண்டையும் வைத்தது போக மீதி இடம்தான் புத்தகத்துக்கு. உனக்குச் செட்டியாரும் அழகிரிசாமியும் எடுத்து வைத்துவிட்டேன். சிங்காரத்தின் இன்னொரு நாவல் 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது. அதில் கல்யாணப் பேச்சு வருகிறது, நடக்காத கல்யாணம், அதனால் உனக்கு வேண்டாம். மாப்பிள்ளைக்கு என்று ஒரு பிரதி வாங்கினேன். நீங்கள் குடித்தனம் வைத்த நாளிலிருந்து ஆளுக்கு ஒன்றாகத்தானே அனுப்பி வழக்கம்.

அதையும் பெட்டியில் வைக்கவா, இங்கேயே இருக்கட்டுமா? கட்டைவிரல் போடாதே. ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பச்சி