விடுவித்த நினைவகம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சி என்னும் நிரலாக்க மொழி குறித்து வெளியான கட்டுரையில், 'மாலாக் என்னும் செயற்கூறு இயங்குதளத்திடமிருந்து நினைவகத்தைப் பெற்றுத் தருகிறது, ஃப்ரீ அதை இயங்குதளத்திடமே ஒப்படைக்கிறது' என்று எழுதப்பட்டிருந்தது. பல பாடக்குறிப்புகளிலும் இப்படித்தான் இருக்கிறது என்றாலும், இது திருத்தப்பட வேண்டிய கூற்று.

இவ்விரு செயற்கூறுகளும் (malloc, free) சி மொழியின் நூலகத்தை, அதாவது நிரல்கள் பயன்படுத்த ஆயத்தமாகத் தரப்படும் செயற்கூறுகளின் தொகுப்பைச் சேர்ந்தவை. அந்த நூலகம், மூட்டையாகக் கொள்முதல் செய்து சில்லறையாக விற்கும் மளிகைக்கடையைப் போல, நிரலுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நிற்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் பரவலாக உள்ள குனு சி நூலகத்தில், நிரல் முதன்முதலாக 24 பைட் கேட்டாலும் நூலகம் இயங்குதளத்திடம் 100 கிலோபைட்டுக்கு மேல் வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறது. 64 பிட் கணினியில் 24 பைட்டுக்கு 32 பைட் துண்டும், ஒரே ஒரு பைட் கூட்டி 25 என்று கேட்டால் 48 பைட் துண்டும் செலவாகின்றன. துண்டின் அளவு, நமக்குக் கிடைக்கும் முகவரிக்குச் சற்று முன்னால் குறித்து வைக்கப்படுகிறது. ஃப்ரீயிடம் நாம் அளவைச் சொல்ல வேண்டியிராததன் காரணம் இதுவே. ஒதுக்கிய எல்லையைத் தாண்டி எழுதும் நிரல் அடுத்த துண்டின் இக்குறிப்பை அழித்துவிடுவதால், தவறு நேர்ந்த வரியில் நில்லாமல், வெகுநேரம் கழித்து, தொடர்பே இல்லாத ஒரு ஃப்ரீ அழைப்பில் நின்றுபோகிறது. பிழை எங்கே என்று மாணவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

விடுவிக்கப்பட்ட சிறு துண்டுகளை நூலகம் மறுபயன்பாட்டுக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. குவியலின், அதாவது நூலகம் இப்படித் துண்டுகளை வெட்டித் தரும் நினைவகப் பகுதியின், மேல் நுனியில் ஒரு சிறு துண்டு பயன்பாட்டில் இருந்தாலும், அதற்குக் கீழே காலியாகக் கிடப்பது வழக்கமாக இயங்குதளத்துக்குத் திரும்புவதில்லை. தொடக்கத்தில் 128 கிலோபைட்டும் அதற்கு மேலும் கேட்கப்படுபவை மட்டும் தனியே பெறப்பட்டு, விடுவித்ததும் திருப்பித் தரப்படுகின்றன. இதை அறியாத மாணவர், எல்லாவற்றையும் முறையாக விடுவித்த பிறகும் நிரலின் நினைவக அளவு குறையவில்லையே என்று, இல்லாத கசிவை, அதாவது விடுவிக்க மறந்த நினைவகத்தை, தேடி அலைகிறார்.

கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூலின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பில், எட்டாம் அத்தியாயத்தின் இறுதியில், ஒரு முழு ஒதுக்கீட்டு நிரலே சில பக்கங்களில் தரப்பட்டுள்ளது. காலி இடங்களை ஒரு வட்டப் பட்டியலாகக் கோத்து, விடுவிக்கப்படும் துண்டை அக்கம்பக்கத்துக் காலி இடத்தோடு இணைக்கும் முறை அதில் தெளிவாகத் தெரியும். (நம் கல்லூரிகள் சிலவற்றில் இன்னும் உயிரோடிருக்கும் டர்போ சி என்னும் பழைய நிரலாக்க மென்பொருளைக் காட்டி இவற்றையெல்லாம் விளக்குவது கடினம் என்பது வேறு கதை.)

கட்டுரையின் அவ்வரியைத் திருத்தி வெளியிடுவதோடு, வால்கிரைண்ட் போன்ற கருவியைக் கொண்டு கசிவைக் கண்டறியும் முறையை அடுத்த பகுதியில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் விரிவுரையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி