மஞ்சாடி, சிரட்டை, மீதிச் சில்லறை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற அம்மாமாருக்கும் வணக்கம். போன வருடம் அறிக்கை நீளம் என்று பின்வரிசையில் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அதனால் செயற்குழு ஆறு முறை கூடியது, நவம்பர் 1 நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளுக்கு மிட்டாய் கொடுத்தோம், வாசகசாலையில் ஒழுகிய இடத்துக்கு ஓடு மாற்றினோம் என்று மற்றதை இதோடு முடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வகுப்புக்கு வருகிறேன்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க ஜூனில் ஆரம்பித்தோம். முதல் இரண்டு வாரம் செய்தது சுத்தத் தப்பு. பலகையில் 8 - 3 என்று எழுதிப்போட்டுக் கீழ்நோக்கி எண்ணச் சொன்னோம், பாதிப் பேர் 6 என்றார்கள். என்னவென்று பார்த்தால் 'எட்டு, ஏழு, ஆறு' என்று எட்டையும் சேர்த்து மூன்று எண்ணியிருக்கிறார்கள். அப்புறம் முற்றத்தில் 0 முதல் 10 வரை கட்டம் போட்டு, எட்டில் நிற்கவைத்து, மூன்று தடவை பின்னால் குதிக்கச் சொன்னோம். நிற்கிற கட்டத்தைக் குதித்ததாக யார் எண்ணுவார்கள்? நேராக 5-இல் போய் நின்றார்கள்.

ஏத்தங்காய் சிப்ஸ் பத்தை வைத்து நாலைத் தின்னச் சொல்வது எல்லாருக்கும் பிடித்த பாடம், விவரிக்க வேண்டாம். ஆனால் எடுத்தால் எத்தனை மிச்சம் என்பது மட்டுமே கழித்தல் இல்லை. ஒருத்தியிடம் சிவப்பு மஞ்சாடி விதை 9, இன்னொருத்தியிடம் 5, யாரிடம் எத்தனை கூடுதல் என்று கேட்டால் 'ஒன்பது' என்றுதான் பதில் வந்தது. இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக அடுக்கிக் காட்டிய பிறகுதான் ஜோடியில்லாமல் நிற்கிற நாலு கண்ணில் பட்டது. அடுத்தது சிரட்டை. பத்தில் கொஞ்சத்தைச் சிரட்டைக்கு அடியில் மறைத்துவிட்டு, வெளியே ஆறு, உள்ளே எத்தனை என்று கேட்பது. ஒரு பையன் சிரட்டையைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தான்.

கடை விளையாட்டுக்கு, சந்தையில் மீன் விற்கிற நம் உறுப்பினர் அக்காதான் டீச்சர். 13 ரூபாய்க்கு 20 ரூபாய் நீட்டினால் அவர் கழிப்பதே இல்லை. 'பதிமூணு, இந்தா ரெண்டு, பதினஞ்சு, இந்தா அஞ்சு, இருவது' என்று கையில் சில்லறை வைத்துக்கொண்டே மேலே போவார். மீதி ஏழு. இதை ஏன் நமக்கு யாரும் பள்ளியில் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

பெரிய பிள்ளைகளிடம் 52 - 27 கொடுத்தால் 35 வரும். ரெண்டிலிருந்து ஏழு போகாது, ஏழிலிருந்து ரெண்டு போகும் என்று திருப்பிப் போட்டுவிடுவார்கள். 'பக்கத்தில் கடன் வாங்கு மக்களே' என்றேன். 'திருப்பிக் குடுக்காண்டாமா?' என்று ஒருத்தி கேட்டாள். அம்மா மகளிர் குழுவில் இருக்கிறாள் போலும். அன்றோடு கடனை விட்டுவிட்டோம். ஈர்க்கிலைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, ஐந்து கட்டும் இரண்டு ஒற்றையும் கொடுத்து, 27 தா என்று கேட்டால் கட்டை அவிழ்க்காமல் தரமுடியாது. அவிழ்த்த கையே 25 என்று சொல்லிவிடும்.

குறைகளும் உண்டு. நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, விளையாடவா அனுப்புகிறோம் என்று சிலர் கேட்டார்கள். எழுத்து வரும், அவசரப்பட வேண்டாம். மழையில் இரண்டு வாரம் வகுப்பு இல்லை. யாரோ மஞ்சாடியோடு குன்றிமணியும் கலந்து கொண்டுவந்திருந்தார்கள். அது விஷம், தயவுசெய்து வேண்டாம். மஞ்சாடியையும் கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் பங்குக்கு ஒரு கணக்கு: ஜூனில் எண்ணி வைத்தது 200 மஞ்சாடி, நேற்று டப்பாவில் இருந்தது 163. சட்டை துவைக்கும்போது பையில் கிடைத்தால் அடுத்த ஞாயிறு கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்