ஈரியிலிருந்து அப்பாவுக்கு

ஈரி, பென்சில்வேனியா
20.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஏரிக்காற்று காதை அறுக்கிறது.

அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கிற கமலா ஹாரிஸுக்கு, அவர் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்ததையும் பூஜை நடந்ததையும் போனில் சொல்லி, "ஜெயிச்சுடுவாங்களாம்மா?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

இங்கே நாடு முழுக்க யார் அதிக ஓட்டு வாங்கினார் என்பது செல்லாது. மாநிலவாரியாகத்தான் கணக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிபரைத் தேர்ந்தெடுக்க இத்தனை தேர்வாளர்கள் என்று உண்டு; அநேகமாக எல்லா மாநிலங்களிலும் அங்கே ஜெயிப்பவருக்கே அத்தனை பேரும். மொத்தம் 538 தேர்வாளர்களில் 270 பேர் வேண்டும். ஹாரிஸுக்கு உறுதி என்று பலரும் ஒதுக்கி வைத்திருப்பது 226. பாக்கி 44. பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10. கூட்டினால் சரியாக 44 வருகிறது.

இரும்பும் காரும் ரயில் இன்ஜினும் செய்து பிழைத்த இந்த மூன்று மாநிலங்களும் 1992 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. 2012 வரை ஹாரிஸின் ஜனநாயகக் கட்சிக்கு. 2016இல் மூன்றும் டிரம்புக்கு. மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 78,000 ஓட்டுகூட இல்லை. 2020இல் மூன்றும் பைடனுக்கு. நாங்கள் இருக்கிற ஈரி கவுண்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அப்படியே மாறி மாறிப் போட்டது: 2016இல் டிரம்பை சுமார் 2,000 ஓட்டிலும், 2020இல் பைடனை சுமார் 1,400 ஓட்டிலும் ஜெயிக்க வைத்தது.

கருத்துக்கணிப்பை நம்பாதீர்கள் அப்பா. 2020இல் விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்று ஒரு பெரிய கணிப்பு சொன்னது. கடைசியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. காரணத்தை நான் பக்கத்து வீட்டிலேயே பார்க்கிறேன். ரயில் இன்ஜின் ஆலையில் லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். போன வாரம் அவர் கராஜில் பேசிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. திரையைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார், ஸ்பேனரை எடுத்து விட்ட வேலையைத் தொடர்ந்தார். கணிப்புக்காரர்கள் எண்ணுவது போனை எடுப்பவர்களை மட்டும்தானே?

அந்த மனிதர் ஒபாமாவுக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவர். அப்புறம் டிரம்புக்கு, அப்புறம் பைடனுக்கு. ஆலை வேலையில் ஒரு பகுதி டெக்சாஸுக்குப் போனபோது அவர் மகனும் அங்கே போய்விட்டான். பேரனை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். இப்போது அவர் பேச்செல்லாம் மளிகை விலை, முட்டை விலை. இந்த முறை டிரம்ப் என்று அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிகிறது.

அதனால் என் கணிப்பு இது: மூன்றும் சேர்ந்தே போகும், எதிலும் வித்தியாசம் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது. எந்தப் பக்கம் என்று கேட்டால், ஈரியில் நான் பார்ப்பதை வைத்து டிரம்ப் பக்கம் என்றுதான் சொல்வேன். எனக்கு இங்கே ஓட்டில்லை. இருந்தால் ஹாரிஸுக்குத்தான் போட்டிருப்பேன். மன்னார்குடி பக்கத்து பி.வி. கோபாலனின் பேத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்களைப் போலவே எனக்கும் சந்தோஷம். ஆனால் தோற்றுவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் நம் ரத்தத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். என் வாசலில் பனி விழுந்தால் நான் எழுவதற்குள் தள்ளி வைத்துவிடுகிற மனிதர்கள் இவர்கள். வேலை போன ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 5 இங்கே ஓட்டுப்பதிவு. இரவு எட்டு மணிக்கு முடியும்போது உங்களுக்கு 6ஆம் தேதி காலை ஆறரை. பென்சில்வேனியாவில் தபால் ஓட்டுகளை அன்று காலை ஏழு மணிக்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் எண்ணி முடிக்க நேரமாகும். முதலில் வரும் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறாதீர்கள். டிவியில் ஈரி என்று வந்தால் கவனியுங்கள், உடனே எனக்குப் போன் செய்யுங்கள். விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்
கவிதா