ராத்திரி 2 மணி ரீடிங் எடுத்த அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கிழமை தீசிஸ் சப்மிட் பண்ணிட்டேன். அந்த ரெண்டு மாசம் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும், திரும்ப ஆரம்பிச்சா அழுதுடுவேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துட்டாங்க, காலையில கோப்பில சீனி பத்தலன்னு சண்டை போடறாங்க, அது போதும் எனக்கு.

வார்டுக்கு சாப்பாடு டப்பாவ் பண்ணிட்டு வந்த தேக்கா கேங், எக்ஸ்டென்ஷன் வாங்கித் தந்த சூப்பர்வைசர், எங்க புளோக் பக்கத்து வீட்டு மக்சிக், நர்சுங்க, வாட்ஸாப்ல தினமும் ஏதாவது அனுப்பி சிரிக்க வெச்சவங்க, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஆனா இதை எழுத உட்கார்ந்ததே பக்கத்து லேப் ஆபிசர் அக்காவுக்காகத்தான். பேரு போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. "போட்டா நாலு பேரு வருவாங்க, நாலு பேருக்கும் நான் ராத்திரி முழிக்கணும்".

அன்னிக்கு சாயங்காலம் என் கடைசி குரோத் கர்வ், அதாவது யீஸ்ட் எவ்ளோ வேகமா வளருதுன்னு பாக்கற சோதனை, ஆரம்பிச்சாச்சு, மூணு ஃபிளாஸ்க், 30 டிகிரி ஷேக்கர், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஓடி (OD) ரீடிங், ஃபிளாஸ்க்ல யீஸ்ட் எவ்ளோ அடர்த்தின்னு காட்டற அளவு. அப்பதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன். யீஸ்ட் ஒன்றரை மணி நேரத்துல ரெண்டு மடங்காகும், நம்ம வீட்டு நிலவரம் அதுக்குத் தெரியுமா? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்னு நின்னேன். பேக்கை மாட்டிக்கிட்டு வூட்லண்ட்ஸ் கிளம்பிட்டிருந்த அக்கா என் மூஞ்சிய பார்த்தாங்க, ஒண்ணும் கேக்கல, பேக்கை கழட்டி சேர்ல வெச்சிட்டு "நீ போ" அப்படின்னாங்க. அவ்ளோதான்.

மறுநாள் வந்து நோட்டை பிரிச்சா நேரம், ரீடிங், பக்கத்துல அவங்க இனிஷியல்னு வரிசையா இருக்கு. 2:04க்கு நேரா "அடர்த்தி ஜாஸ்தி, பத்துல ஒண்ணா கலந்து எடுத்தேன், 0.112", அதுக்குக் கீழே தமிழ்ல "செம மழை. போன் பண்ணாதே, தூங்கு." ஒரு பாயிண்ட் கூட விட்டுப்போகல. அந்த கர்வ்தான் தீசிஸ்ல நாலாவது சாப்டர்.

மென்டர்னு சொன்னா மாசத்துக்கு ஒரு தடவை தே குடிச்சிக்கிட்டே "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பே"ன்னு கேக்கறவங்கன்னுதான் நினைச்சிருந்தேன். அதுவும் வேணும்தான், குறை சொல்லல. என் டேபிள்ல இன்னும் ரெண்டு படம் ஒட்டியிருக்கு. ஒண்ணு குளோரியா லிம், என்னை மாதிரியே பூஞ்சை ஆராய்ச்சி ஆளு (யீஸ்ட்டும் பூஞ்சைதான்), 1973ல சிங்கப்பூர் யுனிவர்சிட்டி சயின்ஸ் ஃபேகல்டிக்கு டீன் ஆன முதல் பொண்ணு. இன்னொண்ணு ஜானகி அம்மாள், 1931ல மிச்சிகன்ல டாக்டரேட் வாங்கி, அப்புறம் கோயம்புத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி பண்ணவங்க. முன்னெல்லாம் படத்தைப் பார்த்தா நம்மால முடியுமான்னு பயம் வரும். இப்ப வேற ஒண்ணு தோணுது, அவங்க வீட்ல யாருக்காவது முடியாம போன ராத்திரி இவங்க செடியையும் பூஞ்சை வளர்க்கற பிளேட்டையும் யாரு பார்த்திருப்பாங்க?

எப்படிக்கா இதைத் திருப்பிச் செய்வேன்னு கேட்டேன். "மூணு ஃபிளாஸ்க்கும் சிங்க்ல கிடக்கு, போய் கழுவு"ன்னாங்க.

வர்ற சனிக்கிழமை எங்க லேப்ல புதுசா சேர்ந்த பொண்ணு தங்கச்சி கல்யாணத்துக்கு ஈப்போ போகுது. 12 மணி, 2 மணி, 4 மணி ரீடிங் நான் எடுக்கறேன்னு சொல்லிட்டேன். ஃபிளாஸ்க் அவதான் கழுவணும்.