‘நல்ல மருந்து வரும்வரை’ என்றால் எதுவரை, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் நலவாழ்வுப் பக்கத்தில், “ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் நல்ல மருந்து வரும்வரை பத்தியத்தோடு காத்திருப்பதே வழி” என்று, கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸ் நோயைப் பற்றி ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையாளர் இதை எந்த ஆண்டில் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தாரோ! 2013-க்கு முன் என்றால் சரி. அப்போது வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின், வைரஸின் வகையைப் பொறுத்து 24 அல்லது 48 வாரம். காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தசோகை என்று படுத்தி எடுத்துவிட்டு, கடைசியில் பலருக்கு வைரஸும் போகாது. ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது.

அந்த வைரஸை ஒழிக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும், மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர் என்று உலகம் வாயைப் பிளந்ததும் தாங்கள் அறியாததல்ல. 2015-ல் இந்திய நிறுவனங்களே அதைத் தயாரித்து விற்கத் தொடங்கின. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். சிர்ரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை, இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்ளாடஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். சிர்ரோசிஸ் இருந்தால் டக்ளாடஸ்விருக்குப் பதில் வெல்படஸ்விர் 100 மி.கி. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். இதைவிட நல்ல மருந்து எது வரவேண்டுமென்று தங்கள் இணைப்பிதழ் எதிர்பார்க்கிறது?

காத்திருப்பு இன்றும் இருக்கிறது, மறுக்கவில்லை. மருந்துக்காக அல்ல, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனைக்காக. ஆய்வகத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘ஆன்ட்டி எச்.சி.வி. பாசிட்டிவ்’, அதாவது சி வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்ட்டிபாடி இருக்கிறது என்ற சீட்டு, வைரஸ் என்றோ உடலுக்குள் வந்ததை மட்டுமே சொல்லும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது தானாகவே போய்விடுகிறது. இப்போது இருக்கிறதா என்பதை வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும், வைரல் லோடு என்பதும் அதுவே. அதற்கான ரத்தத்தை ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுக்க வேண்டும். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் ஹெப்பாரினே, ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். வினையைக் கெடுத்துவிடும். பிளாஸ்மாவை உரிய நேரத்துக்குள் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்து அளவு குறைவாகக் காட்டும். காசநோய்க்கு வாங்கி வைத்த அதே ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் சி-க்கான கார்ட்ரிட்ஜை, அதாவது பரிசோதனைக்கான சிறு பெட்டியை, போட்டால் வேலை முடிந்தது. கருவி இருக்கும், ஆளும் இருப்பார், ‘கார்ட்ரிட்ஜ் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். அதைப் பற்றி ஒரு செய்தி போட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

சிர்ரோசிஸ் இருக்கிறதா என்று ஓரளவு கணிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கையிலிருக்கும் ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் எண்ணை அதே தாளில் உள்ள இயல்பான உச்ச அளவால் வகுத்து, வந்ததை லட்சத்தில் சொல்லும் பிளேட்லெட் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஏ.எஸ்.டி. 90, உச்ச அளவு 40, பிளேட்லெட் 90,000 என்றால் 2.25-ஐ 0.9 ஆல் வகுக்க 2.5 வரும். 2-க்கு மேல் போனால் சிர்ரோசிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். ‘ஏப்ரி’ என்பார்கள். இந்த நாலு வரிக்கு இடமில்லாத பக்கத்தில் கீழாநெல்லிக்கு அரைப்பக்கம், படத்தோடு.

கீழாநெல்லி விஷயத்தை நானாகக் கிளப்பவில்லை. போன ஆண்டும் இதே பக்கத்தில் ‘எல்லா மஞ்சள் காமாலைக்கும்’ என்று வந்தது. ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெயர் இலைக்குப் போகிறது. கீழாநெல்லியைச் சென்னையில் ஆய்வு செய்து 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றியது, அதுவும் பிற இடங்களில் அதே பலனைத் தரவில்லை. கொரோனா காலத்தில் சீந்தில்கொடி குடித்துக் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அதையாவது பார்த்திருக்கலாம். போன ஆண்டு நான் எழுதிய கடிதம் என்ன ஆனதென்று கேட்பது மரியாதையில்லை.

அப்புறம் அந்தப் பத்தியம். சிர்ரோசிஸ்காரரை ரசம் சோற்றில் கிடத்தினால் தசை கரையும். பருப்பு, முட்டை, மீன் சாப்பிடலாம், இரவு படுக்குமுன் ஏதாவது வயிற்றுக்குப் போக வேண்டும். நிறுத்த வேண்டியது மதுவை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது, டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. தனித்தட்டு, தனி டம்ளர் என்று வீட்டில் ஒதுக்க வேண்டாம். ரேசர், நகவெட்டி, பல் தேய்க்கும் பிரஷ் மூன்றும் தனியாக இருந்தால் சரி. மாத்திரை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி-க்கும் பார்த்துவிட வேண்டும். சி அடங்கும்போது பி தலைதூக்கியதுண்டு. இதயத் துடிப்புக்கு அமியோடரோன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், ஏன், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் எடுத்தால்கூட மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குணமானவர் பாடு வேறு. கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. இல்லையென்றால் அவர் குணமானவர். ஆனால் ஆன்ட்டிபாடி அப்படியே இருக்கும். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அந்த ஒரு ‘பாசிட்டிவ்’ போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘வாழ்நாள் நோய்’ என்று தங்களைப் போன்றவர்கள் அச்சடித்ததைத்தான் பெண் வீட்டாரும் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

கேட்பது அதிகமில்லை. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம்: “ஹெபடைடிஸ் சி-க்கு மருந்து இருக்கிறது, அரசுத் திட்டத்தில் இலவசம், ஆன்ட்டிபாடி பாசிட்டிவ் என்றால் வைரல் லோடு பாருங்கள்.” இடம் நெருக்கடி என்றால் ராசிபலனில் ஒரு ராசியை இந்த வாரம் விட்டுவிடலாம். என் ராசியையே விடுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
கும்பகோணம்