மதுரை நாவல்களில் முதலிடம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பகுதியில், மதுரையை முழுமையாகச் சொன்ன நாவல் என்றால் அது சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஒன்றுதான் என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அண்மையில் அந்த நாவலை மறுபடியும் எடுத்து வாசித்து, அதையொட்டி ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’யையும் ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்து முடித்தவள் என்ற முறையில், அந்தக் கருத்தை மறுத்துச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். என்னைக் கேட்டால், மதுரையைப் பற்றிய நாவல்களில் தலையாயது சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’தான். அதன் கதை பெரும்பாலும் கடல் கடந்த ஊர்களில் நடக்கிறது என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

‘காவல் கோட்ட’த்தின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 2008இல் வெளிவந்து, 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற அந்த நாவல், மாலிக் காபூரின் படையெடுப்பில் தொடங்கி ஏறத்தாழ அறுநூறு ஆண்டு வரலாற்றை விரித்துச் சொல்கிறது. விளக்குத்தூண் வழியாக அடிக்கடி போய்வருகிற எனக்கு, அந்தத் தூண் மதுரைக் கோட்டையை இடிக்கச் செய்த ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிற்பது என்பதும், மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் தூர்க்கப்பட்ட அகழியின் மேல் எழுந்தவை என்பதும் முன்பே தெரிந்த செய்திகள்தாம். ஆனாலும் சுவர் இடிபடும் பகுதியை நாவலில் வாசித்தபோது, ஓர் ஊர் தன் எல்லையை இழப்பதென்றால் என்ன என்பது முதன்முறையாக நெஞ்சில் உறைத்தது. தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளின் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மறுநாள்தான் தொடர்ந்தேன். கன்னம் வைத்துத் திருடப் போகிறவர்கள் இருட்டை அறிந்திருக்கும் விதத்தை எழுதிய இடங்களுக்கு ஈடாகத் தமிழில் வேறொன்றை நான் படித்ததில்லை. இருப்பினும், நாயக்கர் காலத்தைச் சொல்லும் முற்பகுதியில் மனிதர்கள் முகம் தெரிவதற்குள் மறைந்துவிடுகிறார்கள் என்பதையும், ஆவணத்தின் கை ஓங்கிக் கதையின் கை தாழ்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாகராஜன் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறார். 1929இல் மதுரையில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1981இல் இதே ஊரில் மறைந்த அவர், 1974இல் வெளியான ‘நாளை மற்றுமொரு நாளே’யில் கந்தன் என்ற ஒருவனின் ஒரே ஒரு நாளைத்தான் சொல்கிறார். விடிவது முதல் அந்த நாள் முடிவது வரை அவன் போகிற சந்துகள், சந்திக்கிற தரகர்கள், குடிக்கிற இடங்கள் எல்லாம் எந்தப் பூச்சும் இல்லாமல் வருகின்றன. ஆசிரியர் அவனுக்காக வாதாடவுமில்லை, அவனைத் திருத்தப் புறப்படவுமில்லை. மனைவி மீனாவின் மேல் அவன் கொண்டிருக்கும் பற்றையும், அவளை வைத்துப் பிழைக்கிற அவனுடைய நிலையையும் ஒரே மனிதனுக்குள் வைத்துக் காட்டிவிட்டு விலகி நிற்கிறார். இந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அது ஊரின் ஒரு மூலை. அந்த மூலையை அதைவிடத் துல்லியமாக எவரும் எழுதியதில்லை என்று சொல்லி மேலே செல்கிறேன்.

சிங்காரத்தின் வாழ்க்கையை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சிலவற்றை இங்கே குறிப்பிட வேண்டும். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, மதுரையில் பள்ளிப் படிப்பை முடித்து, 1938இல் சுமத்ராவிலுள்ள மெடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குக் கப்பலேறியவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆட்சியை அங்கிருந்தே கண்டு, போர் முடிந்த பின் 1946இல் ஊர் திரும்பினார். அதன் பிறகு மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நீண்ட காலம் பணியாற்றி, தனியராகவே வாழ்ந்து, 1997இல் காலமானார். எழுதியவை இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் வெளிவந்தன. இத்தனை பெரிய எழுத்தாளர் நம் வீதிகளில் நடந்து வேலைக்குப் போய்வந்த காலத்தில் அவரை வாசித்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது.

ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்குகிற ‘தோணி’, தொங்கான் கப்பலில் பினாங்குக்குப் போகும் பயணம், நடுக்கடலில் அடிக்கும் புயல், இந்திய தேசிய இராணுவம், பின்னர் டச்சுக்காரருக்கு எதிரான இந்தோனேசியரின் போராட்டம் என்று விரிந்து செல்கிறது. இதில் மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில், நாவலின் நாயகன் பாண்டியனின் தலைக்குள் இருக்கிறது என்பதே. மெடானின் தெருவில் நிற்கும்போதும் சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரையின் வீதிகளும் அவனுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடைகளின் பெயரும் ஆட்களின் பெயரும் பேச்சின் இழுவையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, காற்புள்ளி போட நேரமில்லாத வேகத்தில் அந்த நினைவு பொங்குகிறது. ஊரில் குடியிருக்கிற நாம் தினமும் பார்க்கிறோம் என்பதாலேயே பார்க்காமல் விட்டவற்றையெல்லாம், இனி எப்போது காண்போம் என்று தெரியாத ஒருவனின் கண் வழியாக அந்தப் பக்கங்களில் பார்த்தேன். வெங்கடேசன் காலத்தில் பின்னோக்கிச் சென்று ஊரைக் கண்டார், நாகராஜன் ஒரு நாளுக்குள் நின்று கண்டார். இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு ஊரைக் கண்டவர் சிங்காரம் ஒருவர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மதுரை என்பது நான்கு மாசி வீதிகளோடு முடிந்துவிடுகிற ஊர் அன்று. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சுமத்ராவுக்கும் பிழைக்கப் போன தலைமுறைகளுக்கும் இதுதான் பட்டணம். அந்த மனிதர்களின் தொழிலைச் சிங்காரம் உள்ளிருந்து எழுதுகிறார். வட்டிக்கடைகள் இயங்கும் கிட்டங்கியில் வரிசையாக இருக்கும் பெட்டியடிகள், கடையை நடத்தும் மேலாளுக்கும் அவருக்குக் கீழுள்ள அடுத்தாளுக்கும் உள்ள இடைவெளி, கணக்கு முடிக்கும் நேரத்துப் பதற்றம், ஊரிலிருந்து வரும் கடிதம் என்று ஒவ்வொன்றும் அதற்குரிய சொல்லோடு வருகின்றன. எங்கள் குடும்பத்திலும் அப்படிப் போய்த் திரும்பிய பெரியவர்கள் உண்டு. அவர்கள் வாய்திறந்து சொல்லாத பலவற்றை எனக்குச் சொன்னது இந்த நாவல்.

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்ற நம் பெருமிதத்தையும் இந்த நாவல் விட்டுவைக்கவில்லை. பினாங்கில் பாண்டியனும் நண்பர்களும் கூடியிருந்து பேசுகிற பகுதியில், பழம்பெருமை பேசியே காலம் கழிக்கிற நம் வழக்கம் அடியோடு கேள்விக்குள்ளாகிறது. பழைய இலக்கியங்களின் அடிகளை நெஞ்சில் ஏற்றிவைத்திருக்கும் ஒருவரால்தான் அப்படிக் கேலி செய்ய முடியும். வெறுப்பிலிருந்து அந்தப் பேச்சு பிறக்கவில்லை என்பதை, புயல் பகுதியின் உரைநடையை உரக்க வாசித்துப் பார்க்கிற எவரும் உணர்வார்கள். அங்கே வாக்கியங்கள் துண்டு துண்டாக உடைந்து அலையோடு எழுந்து அலையோடு விழுகின்றன. தமிழின் மேல் தீராத காதல் கொண்ட கைதான் அப்படி எழுதும்.

‘கடலுக்கு அப்பால்’ நாவலை ‘தோணி’க்கான ஒத்திகை என்று சொல்லிக் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்பதற்கில்லை. செல்லையாவும் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அவனோ இராணுவத்துக்குப் போய்த் திரும்பியவன். அவளுடைய தந்தையோ கடையின் ஒழுங்குக்குப் பட்டாளத்தான் ஒத்துவரமாட்டான் என்று எண்ணுகிற வட்டிக்கடை முதலாளி. இவ்வளவு எளிய கதையில், யாரையும் வில்லனாக்காமல், மூவரின் நியாயத்தையும் நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறார் சிங்காரம். ‘தோணி’யின் நடை புதிதாக வருபவர்களுக்குச் சற்று மிரட்சி தரக்கூடும் என்பதால், இதை முதலில் வாசித்துவிட்டு அதற்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்து நாவல் மரபு இவர்களோடு தொடங்கியதும் அன்று. தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1890களில் எழுதிய பி. ஆர். ராஜமய்யர் வத்தலக்குண்டுக்காரர். மதுரை ஜில்லாவின் சிறுகுளம் கிராமத்தில் கதையைத் தொடங்கிய அவர், 1898இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அதே வத்தலக்குண்டிலிருந்து வந்த சி. சு. செல்லப்பா, ‘வாடிவாச’லில் ஒரு பிற்பகல் சல்லிக்கட்டில் மாடு அணையும் நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியதும் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கதையின் நாயகன் பிச்சி காரிக் காளையை அணையும் அந்தச் சில கணங்களை நான் வாசித்துக் காட்டியபோது, சல்லிக்கட்டைத் தொலைவிலிருந்துகூடப் பார்த்திராத என் பேத்தி கண் இமைக்காமல் கேட்டாள். இவர்களைப் பற்றி விரிவாக எழுத இந்தக் கடிதத்தில் இடமில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிங்காரத்தோடு பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றியவர்களும், அவர் தங்கியிருந்த இடத்தில் அவரோடு பழகியவர்களும் இன்று முதியவர்களாக மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கக்கூடும். அவர் என்ன வாசித்தார், என்ன பேசினார், இரண்டாவது நாவலுக்குப் பிறகு ஏன் எழுதாமல் நிறுத்திக்கொண்டார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். தங்கள் இதழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, அத்தகையவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்ய முன்வர வேண்டும். எழுத இயலாத நிலையில் உள்ளவர்கள் இருப்பின், அவர்கள் வீட்டுக்கே சென்று கேட்டு எழுதித் தர நானும், என்னோடு நாவல் வாசிக்கும் தோழியரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிம்மக்கல், மதுரை.